எங்கள் சின்னத்தைப் போன் வாசித்த விதம்

மூன்று தலைமுறையாகத் தராசு செய்யும் குடும்பம் எங்களுடையது. முள் மயிரிழை பிசகினாலும் அந்தத் தராசு பட்டறையை விட்டு வெளியே போகாது. ஆகவே எங்கள் இணையப் பக்கத்துக்குச் சின்னம் வரைந்த ஓவியரை நான் ஏழு முறை திருத்தச் சொன்னதில் தவறு இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை.

பக்கம் தயாரானதும் அக்காவிடம்தான் முதலில் கொடுத்தோம். அக்காவுக்குப் பார்வை போய் ஆறு வருடமாகிறது. போனில் விரலை நகர்த்தினால், திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும். குடும்பமே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அக்கா சத்தத்தைக் கூட்டிவைத்து, திரையின் உச்சியில் விரலை வைத்தாள்.

"பெரியவர் பிடிவாதம் கடைசி ஏழு. படம்," என்றது போன்.

என் மாப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"யாருடா அந்தப் பெரியவர்?" என்றாள் அக்கா, ஒன்றும் தெரியாதவள் போல.

பக்கத்தை அமைத்த மருமகளின் முகம் சுண்டிவிட்டது. "தப்பு என்னுதுதான் மாமா. லோகோவுக்கு மாற்று உரை, அதான் படத்துக்குப் பதிலா போன் வாசிக்கற வரி, எழுத விட்டுப்போச்சு. அது இல்லேன்னா, ஓவியர் ஃபைலுக்கு வச்ச பேரையே வாசிச்சிடும்."

"நானே எழுதித் தரேன்," என்றேன். குடும்பத்தின் பெயரை இனி அடுத்தவர் கையில் விடுவதாக இல்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். சமமாக நிற்கும் தட்டுகள், நடுவில் முள், தாத்தா தொழில் தொடங்கிய ஆண்டு, அப்பா வாங்கிய விருது, நாணயம் தவறாத மரபு. மருமகள் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் அக்கா தன் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"என் சமையலறைத் தராசு ஒரு பக்கமா சாயுது. பழுதுபாக்கப் பதியலாம்னு உங்க பக்கத்துக்குப் போனேன். எதைத் திறந்தாலும் மேல இருக்கற அந்த லோகோ தாத்தாகிட்டேர்ந்து ஆரம்பிக்குது. வாசல்லயே நிக்கவச்சு வம்சம் சொன்னா நான் எப்படா உள்ள வர்றது?"

"நம்ம பெருமை நாலு பேருக்குத் தெரியவேணாமா அக்கா?"

"தெரியட்டும். ஒவ்வொரு கதவுலயுமா தெரியணும்? பக்கத்துத் தெருத் தராசுக்காரன் ரெண்டே வார்த்தையில உள்ள விட்டுடறான். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா அவன்கிட்டயே புதுசா ஒண்ணு வாங்கிக்கறேன்."

வைத்துவிட்டாள். எங்கள் அக்கா வீட்டுச் சமையலறையில் அடுத்தவன் தராசு. எங்களுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறு உண்டா?

மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். விருது போனது. ஆண்டு போனது. தட்டிலும் முள்ளிலும் அவள் கைவைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"படத்துல என்ன இருக்குன்னே சொல்லலைன்னா எப்படிம்மா?"

"கண்ணால பாக்கறவங்க லோகோவைப் பாத்து என்ன தெரிஞ்சுக்கறாங்க மாமா? இது யார் கடைன்னுதானே? அத்தைக்கும் அதுதான் வேணும். அப்புறம், அதைத் தொட்டா முதல் பக்கத்துக்குப் போகும். அதையும் சொல்லிடணும். தாத்தா கதையை 'எங்களைப் பற்றி'ல போடலாம். வேணுங்கறவங்க போய்க் கேப்பாங்க."

நிறுவனத்தின் பெயர், அடுத்து 'முதல் பக்கம்' என்ற இரண்டு சொற்கள். அவ்வளவுதான் மிஞ்சியது. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மிடுக்காகத்தான் இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டு, "இப்ப போய்ப் பாரு," என்றேன். உடனே வைத்துவிட்டாள். நான் கணினி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மருமகள் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிற்று.

கடைசியில் பழுதுப் பதிவு ஒன்று வந்து விழுந்தது. மருமகள் படித்தாள்.

"பழுது: இடது தட்டு இறங்குகிறது. வேறு குறிப்பு: மெக்கானிக் வேண்டாம். தம்பியை அனுப்பவும். சாப்பிடாமல் வரவும்."

"வாடிக்கையாளர் கேட்டா போய்த்தானே ஆகணும்," என்று சொல்லிவிட்டு, எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.