எட்டு ரன்னில் தோற்றால் கஸ் வருவான்

அந்த வருடம் லூயிவில் மியூல்ஸ் பேஸ்பால் டீமின் தோல்விகளை எண்ணுவதை ஊர்க்காரர்கள் ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். கோவேறு கழுதையைச் சின்னமாக வைத்திருக்கும் டீமிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது கழுதைக்குச் செய்கிற அநியாயம் என்று உள்ளூர் வானொலியில் ஒருவர் சொன்னார். கழுதை வளர்ப்பவர்கள் இருவர் போன் செய்து, தயவுசெய்து கழுதையை இதில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

தோல்வியால் டீமில் எல்லோருக்கும்தான் கஷ்டம். ஆனால் வெண்டல் ப்ரூயிட்டின் கஷ்டம் தனி ரகம். அவன் டீமின் முடிப்பவன். மியூல்ஸ் ஒரு ரன்னோ மூன்று ரன்னோ முன்னால் இருக்கும்போது, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓடி வந்து, மணிக்குத் தொண்ணூற்றேழு மைல் வேகத்தில் பந்தை எறிந்து, எதிராளிகள் மூன்று பேரை உட்காரவைத்துவிட்டுப் போவது அவன் உத்தியோகம். மியூல்ஸ் முன்னால் இருந்தால்தானே அது? கோடை முழுக்க மைதானத்தின் கோடியில், பந்து எறியும் பிட்சர்கள் காத்திருக்கும் கொட்டடியில் உட்கார்ந்து அவன் சூரியகாந்தி விதை கொறித்தான். ஊரே எரிந்து முடிந்த பிறகு தண்ணீர் லாரியோடு நிற்பவனைப் போல இருந்தது அவன் பிழைப்பு.

இதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். கஸ் டெம்ப்கோவைத்தான் தாங்க முடியவில்லை.

கஸ், டீமின் இரண்டாவது கேட்சர். கேட்சர் என்றால் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். கஸ் குந்துவதைவிட எழுந்திருப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். தொப்பை ஒரு தனி ஆட்டக்காரன் போல அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மே மாதத்தில் ஒருநாள், ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, நல்ல பிட்சர்களின் தோளை ஏன் வீணாக்க வேண்டும் என்று மேனேஜர் ஸ்கிப் அவனை எறியச் சொன்னார். இந்த வேலையில் இது வழக்கம்தான். கஸ் பந்தைக் குழந்தைக்குப் போடுவதுபோல் மேலே தூக்கிப் போட்டான். அது வானத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கியது. எதிராளிகள் அவசரப்பட்டு விளாசி, மூன்று பேரும் அவுட். கஸ் தொப்பியைக் கழற்றி நான்கு திசைக்கும் குனிந்து வணக்கம் வைத்தான்.

அவ்வளவுதான். ஊர் மயங்கிவிட்டது.

எட்டு ரன்னுக்குக் குறையாமல் பின்தங்கியிருந்தால்தான் பிட்சர் அல்லாத ஒருவன் எறியலாம் என்று விதி. அதனால் ஏழு ரன்னில் தோற்றுக்கொண்டிருக்கும்போது சொந்த ஊர்க்காரர்களே எதிரணியைப் பார்த்து, இன்னும் ஒன்றே ஒன்று அடி ராசா என்று கத்தினார்கள். கஸ் வரும்போது ஒலிபெருக்கியில் அக்கார்டியன் வாசித்தார்கள். அவன் தொப்பை படம் போட்ட பனியன் விற்றது. ஆகஸ்டில் முதலில் வந்த பத்தாயிரம் பேருக்குக் கஸ் தலையாட்டி பொம்மை இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் தலையோடு தொப்பையும் ஆடியது. ஜூனில் கொடுத்த வெண்டல் பொம்மையில் பாதி இன்னும் கிடங்கில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

வெண்டலின் மனைவி ட்ரூடி கஸ் பனியனைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். கேட்டதற்கு, "துணி மெத்துன்னு இருக்குங்க. உங்க பனியன் அரிக்குது" என்றாள்.

சீசனின் கடைசி ஞாயிறு, சொந்த ஊரில் ஆட்டம். வெண்டலின் ஒப்பந்தமும் அன்றோடு சரி. காலையில் அவனுடைய ஏஜென்ட் லென் போன் செய்தான்.

"மேற்குக் கடற்கரை டீம் ஒண்ணுலேர்ந்து ஆள் எடுக்க ஒருத்தன் வந்திருக்கான். பச்சைத் தொப்பி, மூணாவது வரிசை. உன்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்."

"நான் எறிஞ்சாத்தானே பாப்பான்?"

"எறி."

"முன்னாடி இருந்தாத்தானே எறிவேன்?"

"இன்னிக்கு ஒருநாள் முன்னாடி இருக்கச் சொல்லு அவங்கள. முப்பத்தி நாலு வயசு ஆளை, எறியறதப் பாக்காம எவன்டா எடுப்பான்?"

அதிசயமாக, மியூல்ஸ் முன்னால் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் அவர்கள் மட்டைபிடிக்க வந்தபோது ஐந்துக்கு இரண்டு. மூன்று ரன். வெண்டலுக்கென்றே அளந்து தைத்த சட்டை மாதிரி ஒரு முன்னிலை. கொட்டடியில் அவன் எழுந்து தோளைச் சுழற்றி எறிய ஆரம்பித்தான். கொட்டடிக் கோச் ஹெர்ஷல் தலையசைத்தார். முன்னிலை மூன்றைத் தாண்டினால் முடிப்பவனை அழைக்க மாட்டார்கள்; இனி சக ஆட்டக்காரர்கள் வழக்கம்போல் மூன்று பேர் அவுட் ஆனால் போதும். வருடம் முழுக்கக் கேட்காமலே செய்ததுதானே.

முதல் ஆள் அடித்தான். இரண்டாவது ஆளும் அடித்தான். எதிரணிப் பிட்சர் குறி தவறி எறிந்து வரிசையாக இலவச ஓட்டம் கொடுத்தான். ஆறு ரன் ஆனது. ஏழு. எட்டு.

"இவனுங்களுக்கு இன்னிக்குன்னு என்ன வந்துது?" என்றான் வெண்டல்.

பெஞ்சில் கிடந்த இளம் பிட்சர் யோயெல் விதையைத் துப்பினான். சான் பெட்ரோக்காரன், வாய் சும்மா இருக்காது. "பெரிசு, நம்ம டீம் ஜெயிக்கறதுக்கு ஒப்பாரி வைக்கிற ஒரே ஆளு நீதான்."

"நான் எங்கடா ஒப்பாரி வச்சேன்?"

"மூஞ்சியப் போய்க் கண்ணாடில பாரு."

"ஆறு ரன்னு முன்னாடி இருந்தாலும் ஸ்கிப் உன்னைப் போடுவாரு, வெண்டல். கடைசி நாளாச்சே" என்றார் ஹெர்ஷல். நோயாளியைத் தேற்றுவதுபோல் அவர் குரலில் மருத்துவமனை வாசனை அடித்தது.

அப்போது மூன்று மூலையிலும் ஓட ஆள் நிற்க, மட்டையோடு வந்தது கஸ். அன்று முதல் கேட்சருக்கு ஓய்வு. கஸ் அந்த வருடம் வேலி தாண்டுகிற ஹோம் ரன் ஒன்றுகூட அடித்ததில்லை. அடுத்த வருடமும் அடிக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. வெண்டலுக்கு அவன்மேல் முதன்முறையாக நம்பிக்கை வந்தது. அவுட் ஆகிறவன் என்ற முறையில் கஸ்ஸை நம்பலாம்.

பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அது உயர்ந்து, பக்கவாட்டு எல்லைக் கோட்டை ஒட்டியே வளைந்து பறந்து வந்தது; கோட்டுக்கு வெளியே போனால் அடி செல்லாது. முப்பதாயிரம் பேர் உள்ளே விழு என்று எழுந்தார்கள். ஒரே ஒருவன், அதே சீருடை போட்டவன், வெளியே போ வெளியே போ என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். பந்து வேலியைத் தாண்டிக் கொட்டடிக்குள்ளேயே வந்து, வெண்டலின் காலடியில் குதித்து நின்றது.

மூலைகளில் நின்ற மூன்று பேர், கஸ் ஒருவன், ஒரே அடியில் நான்கு ரன். பன்னிரண்டுக்கு இரண்டு.

"பத்து ரன்னு" என்றான் யோயெல் மெதுவாக. "அய்யய்யோ."

தோற்கும்போது எட்டு என்றால் ஜெயிக்கும்போது பத்து. கடைசி இன்னிங்ஸில் பத்து ரன் முன்னால் இருந்தாலும் பிட்சர் அல்லாதவன் எறியலாம். விதிப் புத்தகத்தின் அந்த வரி மியூல்ஸ்காரர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் ஸ்டேடியத்துக்கு மனப்பாடமாக இருந்தது. "கஸ்! கஸ்! கஸ்!" என்று தகரக் கூரை அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் பச்சைத் தொப்பியும் சிரிப்பது வெண்டலுக்கு அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது. தெரிந்ததாகவாவது அவன் பிறகு சத்தியம் செய்வான்.

அதற்குமேல் ரன் வராமல் இன்னிங்ஸ் முடிந்ததும் கொட்டடிப் போன் அடித்தது. ஹெர்ஷல் எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"கஸ்ஸை எறியச் சொன்னாராம் ஸ்கிப்."

"தெரியும்."

"கஸ் மாட்டேன்னுட்டானாம். உன்னைத்தான் போடணும்னு அடம் பிடிக்கிறானாம்."

வெண்டல் காலடியில் கிடந்த பந்தை எடுத்து பெஞ்சுக்கு அடியில் எறிந்தான். பிறகு, "அவன் யாரு என்னைப் போடச் சொல்ல?" என்றான்.

"கஸ்ஸு" என்றான் யோயெல் விளக்கம்போல. "உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு பெரிசு, நான் போறேன். பிச்சைன்னு நெனச்சாக்கூட எனக்குப் பசிக்குது."

வெண்டல் வேலிக் கதவை உதைத்துத் திறந்தான். கோபத்தில் அல்ல; அந்தக் கதவு உதைத்தால்தான் திறக்கும்.

அவன் வரும்போது விளக்கையெல்லாம் அணைத்துச் சரக்கு ரயில் ஊதுகிற சத்தம் போடுவது வழக்கம். ஜூலைக்குப் பிறகு அந்த ரயில் வரவே இல்லை. அன்றும் வரவில்லை. எறியப்போவது கஸ் என்று யாரோ மேலே சொல்லிவிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அக்கார்டியன் துள்ளியது. முப்பதாயிரம் பேர் எழுந்து ஆடினார்கள். வெண்டல் அக்கார்டியனுக்கு நடுவே, எவ்வளவு முயன்றும் கால் தாளத்தில் விழுவதைத் தடுக்க முடியாமல், எறிமேட்டுக்கு ஓடினான். பாதி வழியில் கூட்டம் முகத்தைப் பார்த்துவிட்டது. அத்தனை பேரும் சேர்ந்து "ச்சே" என்றால் எப்படியிருக்கும் என்பதை அவன் அன்று தெரிந்துகொண்டான்.

முதல் மட்டையாளனை மூன்றே பந்தில் அவுட் ஆக்கினான். தொண்ணூற்றேழு என்று பலகையில் மின்னியது. கூட்டம் ஊளையிட்டது. இரண்டாவது ஆளுக்குத் தொண்ணூற்றெட்டு. ஊளை கூடியது. சொந்த ஊரில், ஜெயிக்கிற ஆட்டத்தில், ஒருவனையும் ஓடவிடாமல் எறிந்து ஊளை வாங்கியவன் இந்த விளையாட்டின் சரித்திரத்தில் உண்டா என்று வெண்டல் யோசித்தான்.

மட்டைக்குப் பின்னாலிருந்து கஸ் எழுந்தான். சற்று நேரமாயிற்று. பிறகு மேட்டுக்கு நடந்து வந்து கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசினான்.

"வெண்டல், ஒண்ணே ஒண்ணு மெதுவாப் போடேன்."

"போடா."

"சந்தோஷப்படுவாங்கடா."

"நான் உன்ன மாதிரி கோமாளி இல்ல."

"சரி, கோமாளி இல்ல. அந்தப் பச்சைத் தொப்பிக்காரன் உன்னப் பாக்கத்தான வந்திருக்கான்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். ட்ரூடி சொன்னா." வெண்டல் வாயைத் திறப்பதற்குள் கஸ் தொடர்ந்தான். "இந்தக் காலத்துல வேகமாப் போடறவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான். வேகத்தப் பாத்துட்டான். வேற எதாவது காட்டு. அடுத்து வரவன் உன் வேகத்துக்குன்னே காலத் தூக்கிட்டு நிப்பான், பாரு."

கஸ் திரும்பிப் போய்க் குந்தினான். மெதுப் பந்துக்கு விரலால் சைகை காட்டினான். வெண்டல் தலையாட்டி மறுத்தான். மறுபடி அதே சைகை. மறுபடி மறுத்தான். தன்னுடைய பொம்மைகூட இந்த வருடம் இவ்வளவு தலையாட்டியிருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. வேகமாக இரண்டு போட்டான், இரண்டு ஸ்ட்ரைக்; மூன்றானால் அவுட். மூன்றாவதற்கும் கஸ் அதையே காட்டினான்.

அப்போது வெண்டலுக்குள் எழுந்ததை நல்லெண்ணம் என்று தப்பாக எழுதிவிடக் கூடாது. அதை மட்டும் இவன்தான் போட முடியுமா, நான் போட்டால் வானம் ஏற்காதா என்ற எரிச்சல்தான். ஊர் முழுக்க ஒருவனைக் கட்டிக்கொண்டு அழுகிறது. அவன் போடுகிற பந்தை அவனைவிட நன்றாகப் போட்டுக் காட்டிவிட்டால் ஊர் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்ளும்?

முழு வேகத்துக்குக் கையைச் சுழற்றி, கடைசி நொடியில் விரலைத் தளர்த்தினான். பந்து மேலே போயிற்று. மட்டையாளன் மட்டையைச் சுற்றினான். பந்து இன்னும் வரவில்லை. சுற்றிய வேகத்தில் ஒரு முட்டி மண்ணில் ஊன்றியது. அவன் அண்ணாந்து பார்க்க, பந்து சாவகாசமாக அவனைத் தாண்டிக் கஸ்ஸின் கையுறையில் போய் உட்கார்ந்தது. பலகையில் ஐம்பத்தொன்று என்று காட்டியது. ஆட்டம் முடிந்தது.

அந்த வருடத்தில் அப்படியொரு சத்தம் அந்த ஸ்டேடியத்தில் எழுந்ததில்லை. பீர் மழையாகப் பெய்தது. பல்லில்லாத கிழவர்கள்கூட விசிலடிக்கப் பார்த்தார்கள். வெண்டலுக்கு மயிர்க்கூச்செறிந்தது, தொப்பியைக் கழற்றக் கை போயிற்று. பிறகுதான் அவர்கள் என்ன கத்துகிறார்கள் என்று காதில் விழுந்தது.

"கஸ்! கஸ்! கஸ்!"

போட்டவன் இங்கே நிற்கிறான். பிடித்தவனோ முகமூடியைக் கழற்றிவிட்டு, இவனைப் பார், இவன் என்று வெண்டலை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். அந்தப் பெருந்தன்மைக்காகக் கூட்டம் அவன் பெயரை இன்னும் உரக்கக் கத்தியது.

சாயங்காலம் ஆட்டக்காரர்களின் கார் நிறுத்தத்தில் லென் போன் செய்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கஸ்ஸிடம் கையெழுத்து வாங்க நின்ற வரிசை, கார்களை வெளியே விடாமல் தெருவரை போயிருந்தது.

"உக்காந்திருக்கியா? எடுத்துட்டான்டா. ரெண்டு வருஷம். வேகத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. அந்தக் கடைசிப் பந்துதான். வேகத்துக்கு நடுவுல அப்படி ஒண்ணு வந்தா எவனாலயும் அடிக்க முடியாதுங்கறான்."

வெண்டல் காரின் மேல் சாய்ந்தான். மார்ச்சிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போயிற்று. அடுத்த வருடம் உண்டு. அதற்கடுத்த வருடமும் உண்டு.

"இன்னொரு விஷயம்" என்றான் லென். "அந்தப் பந்தக் கேட்டு வாங்கத் தெரிஞ்ச கேட்சரும் வேணுமாம். கஸ்ஸையும் கூட்டிட்டுப் போறான். ரெண்டு பேரும் ஒரே டீம்ல. நல்லதாப் போச்சு, இல்ல?"

வேலிக்கு அப்பால் யாரோ ஒரு பெண் தன் சிறுவனைக் கஸ்ஸின் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"லென்."

"சொல்லு."

"மொதல்ல யாரு பேரச் சொன்னான்?"

"என்னது?"

"அந்த ஆளு. பேச ஆரம்பிச்சப்ப. மொதல்ல என் பேரா, அவன் பேரா?"

லென் இந்தத் தொழிலில் நரைத்தவன். இருந்தும் பதில் வர ஒரு மூச்சு தாமதமாயிற்று.

"உன் பேருதான்டா" என்றான்.

அந்த ஒரு மூச்சை வெண்டல் குளிர்காலம் முழுவதும் வைத்துக்கொண்டிருந்தான்.