பிடிக்கல்

வெயில் வாழைத்தோட்டத்துக்குள் இறங்கும் முன்பே ஞானபாய் மண்வெட்டியோடு குளத்தங்கரை வளைவுக்கு வந்துவிட்டாள். பூவன்விளைச் சாலையின் பெரிய பள்ளம் அங்கேதான் இருந்தது. இப்போது அது கல்லும் ஓடும் நிரம்பி, சாலையோடு சமமாகக் கிடந்தது. நிரப்பத் தொடங்கியவள் அவள்தான். இன்று அதைத் தோண்டி எடுக்க வந்திருந்தாள்.

அந்தச் சாலை கடைசியாகத் தார் கண்டது அவள் மகள் ஜெனிலா பள்ளிக்கூடம் போன காலத்தில். ஜெனிலாவின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் கொண்டுவரும் வியாகுலம்மாள் ஒருநாள் மொபெட்டோடு இந்தப் பள்ளத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். சபைப் பெண்கள் ஓடிவந்து, சிதறிய சாளை மீனைப் பொறுக்கிக் கழுவி, ஒன்று மிச்சமில்லாமல் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அன்று ஜெபக்கூட்டத்தில் ஞானபாய் எழுந்து நின்றாள்.

"சோறு வைக்கும்போ ஒரு பிடி அரிசி கோயிலுக்கு மாத்தி வைக்கோம் இல்லியா? அதுபோல ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாற ஒவ்வொருத்தியும் ஒரு கல்லு கொண்டு வரட்டு. பிடியரிசி போல பிடிக்கல்லு."

சிரித்தார்கள். ஆனாலும் கொண்டுவந்தார்கள். வேதாகமம் ஒரு கையில், உடைந்த ஓடு மறு கையில். பள்ளங்கள் ஒவ்வொன்றாக மூடின. மழை கலைத்ததை அடுத்த ஞாயிறு மறுபடி மூடினார்கள். ஞானபாயின் கணவர் யோவானுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு நாகர்கோவில் போகவேண்டி வந்தபோது, ஊர்ப்பையன் டெனிஷின் ஆட்டோ அந்தக் கற்களின் மேல்தான் ஓடியது.

பிறகு கிராமச் சாலைகளைச் சீரமைக்க அரசு பணம் ஒதுக்கியது. பூவன்விளையும் அதில் இருந்தது. பார்வையிட வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஜீப் அவ்வளவாகக் குலுங்கவும் இல்லை. ‘போக்குவரத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனார். பணம் யாரும் குடியேறாத வீட்டுமனைகளுக்குப் போகிற ஒரு சாலைக்குப் போனது. அங்கே கறுகறுவென்று மின்னும் தார்மேல் மாடுகள் படுத்து அசைபோடுகின்றன.

இங்கே ஓட்டுத்துண்டுகள் நொறுங்கி மாவாகிவிட்டன. "மாமி, அடுத்த மழைக்கு இந்த வழியா மாமாவ கொண்டு போக ஒக்காது" என்று டெனிஷ் சொல்லிவிட்டான். மனுமேல் மனு கொடுத்ததில், மறுபடி பார்க்க இன்று ஒரு பொறியாளர் வருகிறார். யோவானுக்கு மத்தியானம்தான் முறை. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"நல்லது செய்தது குத்தமா, ஆண்டவரே?" என்று கேட்டுக்கொண்டே ஞானபாய் ஓங்கி வெட்டினாள்.

பள்ளம் ஏறக்குறைய சாலை அகலத்துக்கு விரிந்து முழங்கால் ஆழத்துக்கு வந்தபோது மொபெட் சத்தம் கேட்டது.

"ஏட்டி ஞானபாயி! எனக்காவ இட்ட கல்ல நீயே தோண்டுதியா? மத்தக் கையும் ஒடியணுமா?"

"எறங்கி உருட்டிட்டுப் போ வியாகுலம். நாம மூடி மூடி வச்சதுக்குக் கிட்டின கூலிய கண்டியா? இண்ணைக்கு அவங்க கண்ணால காணட்டு."

"காணட்டு. அதுவரைக்கும் எவனாவது வந்து விழுந்தா?"

ஞானபாய் அதை யோசித்திருக்கவில்லை. வியாகுலம்மாள் மொபெட்டைக் குழிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். மீன் சருவத்தை இறக்கி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் இங்க இருந்தே விக்கேன். குழிய பாக்காதவன்கூட மீன பாப்பான்."

ஜீப் வந்தது. பொறியாளர் வெளியூர்க்காரர், சின்ன வயது. இவர் இறங்கினார். குழியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது இப்ப வெட்டினது. யார் செஞ்சது? பொதுச் சாலையைச் சேதப்படுத்துறது குற்றம், தெரியுமா?"

"நான்தான் சாரே." ஞானபாய் குவித்திருந்த கற்களில் ஒவ்வொன்றாக எடுத்து அவர் காலடியில் வைத்தாள். "இது எனக்க ஒடஞ்ச அம்மி. இது லிஜா வீட்டு ஓடு. இது ஜிஷாக்க குளிமுறி டைல்ஸ். இது எங்க கோயில் நடைக்கல்லு. இதுல அரசாங்கத்துக்க கல்லு ஏது? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, நான் போலீஸுக்கு வாறேன்."

பொறியாளர் குனிந்து பார்த்தார். அளவுநாடாவை எடுத்துவர ஜீப்புக்குத் திரும்பினார்.

அப்போது பின்னால் ஆட்டோ ஹாரன் அலறியது.

"மாமி! ஆஸ்பத்திரியில இருந்து விளிச்சாவ. உச்சைக்கு மிசின் இல்லியாம், இப்பவே வரணுமாம். உங்க போனு வீட்டுல கெடந்து அடிக்குது!" டெனிஷ் குழியைப் பார்த்து பிரேக்கை அழுத்தினான்.

பின் இருக்கையில் யோவான், வீங்கிய முகத்தோடு எட்டிப் பார்த்தார். "நீயா தோண்டின? நல்ல ஆழம் உண்டு."

ஞானபாய்க்குத் தெரியும்: அளப்பதற்கு முன் மூடினால், இந்தச் சாலை மறுபடியும் ‘ஏற்ற நிலை’தான். அந்த நினைப்பு அவளை ஒரு மூச்சு நேரம்கூட நிறுத்தவில்லை. முட்டிபோட்டுக் கற்களை அள்ளிக் குழிக்குள் போட ஆரம்பித்தாள். வியாகுலம்மாள் மொபெட்டை நகர்த்திவிட்டு வந்து, கோணிப்போன மணிக்கட்டோடு கல் எடுத்துக் கொடுத்தாள். டெனிஷ் இறங்கினான்.

"ஒரு நிமிஷம் பொறுங்கம்மா, அளந்துடுறேன்" என்றார் பொறியாளர்.

"பொறுக்க மாட்டேன்! இத்தன வருசம் பொறுத்தது போதாதா? உங்க அளவு முடியட்டும் எண்ணு அவருக்க ரெத்தம் காத்து நிக்காது சாரே!"

அவர் நாடாவைப் பைக்குள் போட்டார். அவள் தூக்க முடியாமல் தூக்கிய பாதி அம்மியை வாங்கி, குழிக்குள் இறங்கி வைத்தார். பேன்ட் முழுக்க மண். ஜீப் டிரைவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

ஆட்டோ மெல்ல ஊர்ந்து தாண்டியது. ஞானபாய் ஓடி ஏறினாள். ஏறியவள் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: "ஏற்ற நிலையில எண்ணு எழுதினா, மறுபடியும் தோண்டுவேன்!"

"எழுதினா நானும் சேர்ந்து தோண்டுவேன்" என்றாள் வியாகுலம்மாள். "வாங்க சாரே, எந்தக் கல்லு எந்த வீட்டுதுண்ணு நான் சொல்லித் தாறேன்." அன்று அவர் சாலை முழுவதையும் நடந்தே பார்த்தார். முன்னால் அவள் மொபெட்டை உருட்டிக்கொண்டு போனாள்.

சாலை முழுவதையும் புதிதாகப் போட அனுமதி கிடைத்தது என்ற செய்தி ஒரு சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஆலயத்தில் ஸ்தோத்திர ஜெபம் பண்ண ஞானபாயையே போதகர் கூப்பிட்டார். அவள் நன்றி சொன்னாள். அந்தப் பொறியாளரின் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்டாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஆனா ஆண்டவரே, நாங்க குழிய மூடினப்ப அவங்களுக்குக் கண்ணு தெரியல. நான் தோண்டி, எனக்க ஆளு அதுக்க முன்ன வந்து நிண்ணப்பதான் தெரிஞ்சுது. இது எனக்குச் சரியா படல்ல. நீரே கேளும்."

போதகர் ‘ஆமென்’ சொன்னார்.

அன்றும் அவள் கையில் கல் இருந்தது. ஆலயம் விட்டு வெளியே வரும்போது லிஜா கேட்டாள், "இனி எதுக்கு மாமி? அதுதான் தார் வருதே?"

"வரட்டு, வரும்போ வரட்டு" என்றாள் ஞானபாய், வளைவை நோக்கி நடந்துகொண்டே. "நாளைக்கு வியாகுலம் வருவா."