வியாழக்கிழமை விரல்கள்

ஆறரைக்கு எழுந்தேன். முகம் கழுவினேன். இரண்டு பேருக்கான மோகா பாத்திரத்தில் காபி வைத்தேன். ஒரு கோப்பை குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினேன். ஐந்து வாரமாக இப்படித்தான். என் மனைவி நொயேமி அலுவலகத்தில், மேசையிலேயே மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தாள்.

அவளுடைய குளிர்காலக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். பையில் ஒரு சீட்டு. அவள் கையெழுத்து. 'ஃபுல்வியோ. வியாழன், மூன்று மணி. தேவாலயத்துக்குப் பின்னால், பச்சைக் கதவு.' கீழே மொன்ஃபெர்ராட்டோ குன்றுகளில் ஓர் ஊர்ப்பெயர்.

குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் தாமதமாக வந்தாள். விரல்கள் ஊறிச் சுருங்கியிருக்கும், எங்கோ குளித்துவிட்டு வந்தவளைப் போல. எங்கே போனாய் என்றால் மழுப்புவாள். கடைசி நாள் காலையிலும் கேட்டேன். அன்றும் மழுப்பல்தான்.

டூரினிலிருந்து காரில் கிளம்பினேன்.

பச்சைக் கதவைத் திறந்தவன் என்னைவிட இளையவன். என்னைவிட அழகன்.

"யாருங்க? வரி ஆபீஸா?"

"நொயேமியைத் தெரியுமா?"

"தெரியாம? அஞ்சு வாரமா ஆளையே காணோம். பாட்டிலெல்லாம் யார் கழுவுறதாம்? அட, எந்த ஒயினைக் குடிச்சாலும் குறை சொல்ற டூரின்காரர் நீங்கதானா?"

என்னைப் பற்றி இவனிடம் பேசியிருக்கிறாள்.

"இறந்துட்டா."

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு நிலவறைக்கு அழைத்துப் போனான். நான் கட்டிலைத் தேடினேன். அவளுடைய கழுத்துத் துணியைத் தேடினேன். ஆறு பீப்பாய்களும் ஒரு கல்தொட்டியும் இருந்தன. மூலையில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. அதன் கழுத்தில் என் பெயர்.

"ஃப்ரெய்சா, இந்த ஊர்ச் சிவப்பு ஒயின். உங்க பிறந்தநாளுக்கு. ஒயினுக்குப் பதிலா முந்நூறு பாட்டில் கழுவித் தரேன்னாங்க. பனியிலயும் வந்தாங்க, பைத்தியம் மாதிரி."

"அவ சிவப்பு ஒயினைத் தொடவே மாட்டா."

"அதான் முதல் நாளே துப்பினாங்களே, என் சட்டை மேல."

நான் சிரிக்கவில்லை. இவன் எதையும் சொல்லலாம், இனி அவளைக் கேட்க முடியாது. அவன் ஒரு டப்பாவைத் திறந்தான். அவள் வரைந்த லேபிள்கள். ஒவ்வொன்றிலும் 'முப்பது வயசுக் கிழவனுக்கு.' எங்கள் சமையலறைப் பேனாவின் பச்சை மை.

என் பெயர் போட்ட குடுவையிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தந்தான். ராஸ்பெர்ரி மணம், பின்னால் கசப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இப்பவே பாட்டில்ல ஊத்திக் குடுங்க."

"முடியாது. வளர்பிறையில ஊத்தினா பொங்கி கார்க்கைத் தள்ளிடும். எங்கப்பா எழுந்து வந்து கேட்டாலும் தர மாட்டேன். தேய்பிறைக்கு இன்னும் எட்டு நாள். ஏன், டூரின்ல நிலாவே கிடையாதா?"

கழுவாத பாட்டில்கள் இன்னும் நாற்பது இருந்தன. சட்டைக்கையை மடித்தேன். தண்ணீர் ஜில்லென்றிருந்தது. இருபதாவது பாட்டிலில் விரல்களைப் பார்த்தேன். ஊறிச் சுருங்கியிருந்தன.

அந்தக் கடைசிக் காலையில், வாசலில், இந்த வியாழனும் எங்கே என்று கேட்டேன். அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி சொன்னாள்:

"நிலா தேயட்டும், சொல்றேன்."