உடைந்ததாக எழுதிய கற்கள்

பஹ்ரைனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும், பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கக் கூடாது, தமிழில் திட்ட வேண்டும். வாட் வரி பத்து சதவீதம் ஆனபோதும் பெட்ரோல் விலை ஏறியபோதும் நான் அப்படித்தான் வீராவேசமாகத் திட்டினேன். யஹ்யா மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திட்டுவான். அவன் ஊர், அவன் உரிமை.

யஹ்யா எங்கள் கம்பெனியில் மந்தூப். விசா, பெர்மிட் என்று அரசு அலுவலகங்களுக்குக் காகிதம் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். கம்பெனி நடைபாதைகளுக்குக் கல் பதிக்கிறது. நான் அதில் சைட் இன்ஜினியர். யஹ்யாவின் வீடு ஈசா டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. இங்கே மழை வருடத்துக்கு நாலைந்து நாள்தான். அந்த நாலைந்து நாளும் அந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். டயாலிசிஸுக்குப் போகும் தன் அம்மாவை அவன் முதுகில் சுமந்துகொண்டு மெயின் ரோடு வரைக்கும் வருவான்.

"நாலு வருஷமா மனு குடுக்கிறேன், பாஸ்கர் பாய்," என்பான். நாங்கள் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். "சந்துக்குக் காசு மாஃபி, இல்லவே இல்ல. மெயின் ரோட்டுல சாம்பல் கல்லை எடுத்துட்டு சிவப்புக் கல்லு போடறதுக்கு மட்டும் காசு இருக்கு. அது யார் காசு? எங்க காசு."

அந்தச் சிவப்புக் கல் காண்டிராக்ட் எங்களுடையது. அதனால் நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

சாம்பல் கல் போட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. பாதிக்கு மேல் உடைந்திருந்தால்தான் மாற்றலாம் என்று விதி. மேனேஜர் ஷ்யாம், "அறுபது பர்சென்ட் டேமேஜ்னு ரிப்போர்ட் போட்டுடுங்க," என்றார். பொய் என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம் என்று நான் எழுபது என்று எழுதினேன். பத்துக் கல்லை நானே சுத்தியலால் உடைத்து, பல கோணங்களில் படம் எடுத்துச் சேர்த்தேன். கையெழுத்தும் என்னுடையதுதான்.

கல்லைப் பெயர்த்து எடுக்கும் வேலை பொன்னுச்சாமிக்கு. அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார், ஐம்பது வயதைத் தாண்டியவர். ரிப்போர்ட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. குப்பைக்குப் போகிற கற்களை ஒரு முனைகூட உதிராமல் கடப்பாரையால் நெம்பி எடுத்து, வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இவ்ளோ பொறுமையா எடுக்கிறீங்க? குப்பைக்குத்தானே போகுது," என்றேன்.

"நல்ல கல்லு சார். ஒடைக்க மனசு வரல."

உடைத்துப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு நான் ஏசி காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் பொன்னுச்சாமியின் அப்பா இறந்தபோது இவருடைய பாஸ்போர்ட் விசா ரினியூவலில் மாட்டிக்கொண்டிருந்தது. யஹ்யா சாப்பிடக்கூடப் போகாமல் அலைந்து அதை ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தான். கொள்ளி வைக்கப் பொன்னுச்சாமி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த நன்றி அவருக்குள் ஒரு வருடமாகக் கிடந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை லீவில், லேபர் கேம்பிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குப்பைக்கு ஒதுக்கிய சாம்பல் கல்லை யஹ்யாவின் சந்தில் பதித்துவிட்டார். அடியில் மண் கொட்டி அரை அடி உயர்த்தி, தண்ணீர் மெயின் ரோட்டுக்கு ஓடும்படி வாட்டம் வைத்து, சாயங்காலத் தொழுகைக்குள் வேலையை முடித்திருக்கிறார். அந்தச் சந்துக்காரர்கள் தாம்பாளம் தாம்பாளமாகப் பிரியாணி கொடுத்தார்களாம்.

அடுத்த வாரம் மழை பெய்தது. சந்தில் தண்ணீர் நிற்கவில்லை. யஹ்யா சந்தோஷம் தாங்காமல் அம்மாவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வருவதை வீடியோ எடுத்துப் போட்டான். 'அரசாங்கம் நாலு வருஷத்தில் செய்யாததை ஐந்து இந்தியர்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் செய்தார்கள்' என்று அரபியில் எழுதியிருந்தான். வீடியோ எனக்கும் வந்தது. பார்த்ததும் முதலில் நம்ம ஆள் என்று பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வீல்சேரின் கீழே இருந்த கல்லைப் பார்த்தேன். உடைந்தது என்று நான் எழுதிய கல்.

மறுநாளே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். உடைந்துபோனது என்று சொல்லி மாற்றிய கல் இதுதானே, இதில் விரிசல் எங்கே என்று கேட்டார்கள். அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. கரண்ட் பில்லைக் காட்டினார்கள், வேலையில்லாத பையன்களின் டிகிரிச் சான்றிதழைக் காட்டினார்கள், எங்கள் பணத்தை இப்படியா வாரி இறைப்பீர்கள் என்றார்கள். கவுன்சில் உறுப்பினர் கம்பெனியிடம் விளக்கம் கேட்டார். அவர்கள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

ஷ்யாம் என்னை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் இரண்டு கடிதங்கள் இருந்தன.

"இது, ரிப்போர்ட் உங்க தப்புன்னு ஒத்துக்கிற லெட்டர். இது, ஸ்டோர்ல மிச்சமிருந்த புது சாம்பல் கல்லை பொன்னுச்சாமி எடுத்துட்டுப் போயிட்டாருன்னு நீங்க குடுக்கிற ஸ்டேட்மென்ட். உடைஞ்சது உடைஞ்சதுதான், சந்துல இருக்கிறது வேற கல்லு. எதுல வேணா சைன் பண்ணுங்க பாஸ்கர், நான் கட்டாயப்படுத்தல."

ஸ்டோரில் ஒரு சாம்பல் கல்கூட இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி சந்திரகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னுச்சாமி மேல் பழி போடாதீர்கள் என்று அவள் தடுப்பாள் என்றோ, போட்டுத் தொலையுங்கள் என்று திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தேன். எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவள் துணி மடித்துக்கொண்டே, "அவருக்கு எத்தன பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பொண்ணு."

மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். "நம்ம தன்யாவுக்குப் ப்ளஸ் டூ முடிய நாலு மாசம் இருக்கு. இப்ப விசா போச்சுன்னா அவ எங்க போய் எழுதுவா?" என்றாள்.

மறுநாள் இரண்டாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் கல்லைத் திருடிவிட்டார், அவரை வேலையை விட்டு நீக்கி ஊருக்கு அனுப்புகிறோம் என்று கம்பெனி அறிக்கை விட்டது. இரண்டே நாளில் கோபம் திசை மாறிவிட்டது. எங்கள் வேலையைத்தான் எடுத்துக்கொண்டீர்கள், இப்போது கல்லையுமா என்று எழுத ஆரம்பித்தார்கள். சிவப்புக் கல்லைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தெருவுக்கும் எங்களுக்கே ஆர்டர் கிடைத்தது.

யஹ்யா என்னைத் தேடி சைட்டுக்கு வந்தான். "நீ சொல்லு பாய். அவர் திருடினாரா?"

"எனக்குத் தெரியாது, யஹ்யா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு போய்விட்டான். ஊருக்கு அனுப்புகிறவர்களை ஏர்போர்ட்டில் விடுவது அவன் டியூட்டி. பொன்னுச்சாமியைக் கொண்டுபோய் விடமாட்டேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டான். அதனால் ஷ்யாம் அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவரைக் கேம்பிலிருந்து ஏற்றிக்கொண்டேன். முன் சீட்டில் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தார். பாலம் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"மேனேஜரு சொன்னாரு சார். போலீஸ் கேஸ் ஆகாம நீங்கதான் பேசி நிறுத்துனீங்களாம். நீங்க மட்டும் இல்லன்னா இந்நேரம் உள்ள கெடந்திருப்பேன். எம் பிள்ளைகளுக்காகப் பண்ணியிருக்கீங்க."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நாம அடுக்கி வச்சதோட ஸ்டோர்ல இருந்த புதுக் கல்லு கலந்துருச்சாமே சார். எங் கண்ணுக்கு நாம பேத்துப்போட்ட கல்லு மாதிரியேதான் தெரிஞ்சுச்சு. முப்பது வருசமா கல்லு பாக்குறேன், எப்புடித் தப்புச்சுன்னு தெரியல. வயசாயிருச்சுபோல."

இல்லை பொன்னுச்சாமி, உங்கள் கண் தப்பவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஏர்போர்ட் வரைக்கும் நேரம் இருந்தது. காரில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணாடியும் ஏற்றித்தான் இருந்தது.

பெட்டியை இறக்கி வைத்தேன். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"சார், ஒரு ஒத்தாசை. யஹ்யா பாய் வீட்டு மூலையில ரெண்டு கல்லு சரியா ஒக்காரல. மழை பேஞ்சா அங்க மட்டும் தண்ணி நிக்கும். அந்தம்மா வண்டி போற எடம். நம்ம பயலுவ யாரையாச்சும் விட்டு ஒருதரம் பாக்கச் சொல்லுங்க."

திருட்டுப் பொருள் என்று சொல்லி, அன்று காலை எட்டு மணிக்கு அந்தச் சந்தின் கற்களைப் புல்டோசர் வைத்துப் பெயர்த்து எடுத்தோம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டது நான்தான். ஒரு கல்கூட முழுசாக வரவில்லை.

"பாத்துக்கிறேன் பொன்னுச்சாமி. நீங்க கவலைப்படாமப் போய்ட்டு வாங்க," என்றேன்.