உப்பில்லாத தண்ணீர்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு எஸ்பிரஸ்ஸோ மிஷின் வந்து உட்கார்ந்து நான்கு மாதமாகிறது. எழுபது கிலோ. கொச்சியில் மூடிப்போன ஏதோ ஹோட்டலிலிருந்து ஏலத்தில் எடுத்து, டாட்டா ஏஸில் செங்கோட்டை வழியாகக் கொண்டுவந்து, நான்கு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் இத்ரீஸும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கிறோம். கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்த மகள் இரண்டே நாளில் ஓடிவிட்டாள்.

அதற்கு முன் அந்த ஹால் என்னுடையது. ஆறு தையல் மிஷின், ஒன்பது பெண்கள், காலை பத்து மணி முதல் மாலை வரை வகுப்பு. அவர் சவூதியில், தம்மாமில் இருந்த பன்னிரண்டு வருடமும் இந்த வீட்டைச் சத்தமாக வைத்திருந்தது அந்த வகுப்புதான். இப்போது ஆறு மிஷினும் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன.

அவர் அங்கே ஒரு காப்பிக் கடையில் இந்த மாதிரி மிஷின்களை ஓட்டிக்கொண்டும் ரிப்பேர் பார்த்துக்கொண்டும் இருந்தவர். ஆறு மாத லீவில் வந்தார். "இதைச் சரிபண்ணிட்டேன்னா இனி அங்கன போக மாட்டேன் சமீனா. குத்தாலத்துல சீசனுக்குக் கடை போட்டுருவோம்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஹாலை நானே ஒழித்துக் கொடுத்தேன்.

பழைய சாமானைச் சரிபண்ணுவது என்றால் என்னவென்று அப்போது தெரியாது. எலுமிச்சை உப்புக் கரைசலில் பித்தளைச் சாமான்களை ஊறப்போட்டார். வாளி போதாமல் என் பிரியாணி அண்டாவையும் எடுத்துக்கொண்டார். வாஷர் மாற்றினார், ஹீட்டர் மாற்றினார். எல்லாம் பளபளவென்று ஆனது. ஒன்று மட்டும் ஆகவில்லை. சுவிட்சைப் போட்டால் பம்பு பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும். அளவு வந்ததும் தானாக நிற்க வேண்டும். நிற்காது. ஆவி வரவேண்டிய குழாயில் தண்ணீர் கொட்டும், மேலே இருக்கிற வால்வு பீய்ச்சும். ஊரில் சீசன் தொடங்குவதற்கு முன் எங்கள் ஹாலில் தொடங்கிவிட்டது.

பாய்லருக்குள் பென்சில் நீளத்துக்கு ஒரு கம்பி தொங்குகிறது. தண்ணீர் ஏறி அதைத் தொட்டால் லேசாகக் கரண்டு ஓடும். அதை வைத்துத்தான் தண்ணீர் வந்துவிட்டது என்று மிஷினுக்குத் தெரியுமாம். அவர் கம்பியை மாற்றினார். வயரை மாற்றினார். கோயம்புத்தூரிலிருந்து சர்க்யூட் போர்டு வரவழைத்து மாற்றினார், அது சரியில்லை என்று இன்னொரு போர்டும் மாற்றினார். பாய்லர் வாய்வரை நிறைந்திருக்கும். மிஷின் மட்டும் இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச முடியாது. உப்புத் தண்ணீர் அங்கே ஐந்து மிஷினைத் தின்றுவிட்டதாம். அதனால் கேன் தண்ணீர்தான். அதுவும் போதாதென்று, கேன் தண்ணீரையே அடுக்களை ஆர்.ஓ. ஃபில்டரில் இன்னொரு தடவை ஊற்றி எடுத்து, பம்பு உறிஞ்சும் டிரம்மில் நிரப்புவார். எங்கள் போர் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. சம்பந்தி வீட்டாருக்குக்கூட இந்த மரியாதை நடக்காது.

ஜூன் இருபதோடு அவருடைய விசா முடிகிறது. அதற்குள் திரும்பிப் போகாவிட்டால் அந்த வேலை போய்விடும். ஐந்தருவி ரோட்டில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி பாதிக் கடையைத் தருகிறேன் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மிஷின் ஓடாவிட்டால் பஜ்ஜி போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் எப்சிபா வந்தாள். என் வகுப்பில் தையல் சுத்தமான பெண் அவள்தான். உள்ளே வர இடமில்லாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, மேலகரத்துல வேற ஒரு அக்கா கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்களாம். நான் அங்கன போகட்டா?"

"ஒரு வாரம் பொறுத்துக்கோ" என்றேன். நான்கு மாதமாக அதையேதான் சொல்கிறேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். போகிற நடையிலேயே தெரிந்தது, இனி வரமாட்டாள்.

அவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிப் போன பிறகு தம்மாமிலிருந்து என் அண்ணன் கிதிர் முகம்மது கூப்பிட்டார். இவருக்கு விசா எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

"செவ்வாக்கெழம திருவனந்தபுரத்துலருந்து டிக்கெட்டு போட்டாச்சு. மாப்ளைட்ட நீயே சொல்லிருட்டி. இரும்பைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்."

போனை வைத்தேன். டிரம்மை நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தார், கேன் காலி. வந்த ஆத்திரத்தில் மோட்டாரைப் போட்டு இரண்டு குடம் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். தின்னட்டும், ஆறாவது மிஷினாக இதையும் தின்னட்டும். ஹீட்டரைப் போடாமல் பம்பை மட்டும் போட்டேன். நூறு தடவை பார்த்ததுதானே.

பம்பு கர்ரென்று ஓடியது. நின்றது.

கரண்டு போய்விட்டது என்று நினைத்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பாய்லரின் அடிக் குழாயைத் திறந்து காலிசெய்து, டிரம்மையும் கவிழ்த்துவிட்டு, அடுக்களையில் மிச்சமிருந்த ஃபில்டர் தண்ணீரை ஊற்றினேன். நிற்கவில்லை. அதே டிரம்மில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கலக்கினேன். திரும்பக் காலிசெய்து ஏற்றினேன். நின்றது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கியவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உப்பே இல்லாத தண்ணீரில் கரண்டு ஓடவில்லை. கரண்டு ஓடாததால், கழுத்துவரை தண்ணீரில் நின்றாலும் கம்பிக்குத் தெரியவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது இரும்புக்கும் சேர்த்துச் சொன்னதுதான் போலும்.

உடனே அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

நான் வாயைத் திறக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை அவர் போய்விடுவார். புதன்கிழமை இந்த இரும்பை எடைக்குப் போட்டுவிட்டு என் ஆறு மிஷினையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். எங்கே போகிறாய், எப்போது வருவாய், கரண்டு பில் ஏன் இவ்வளவு என்று கேட்க ஆள் இருக்காது. அவர் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பன்னிரண்டு வருடம் எந்த மனுஷனுக்காகக் காத்துக்கிடந்தேனோ, அதே மனுஷன் போனால் போதும் என்று ஆசைப்பட்டேன். பாய்லரை அலசிக் காலிசெய்தேன், டிரம்மையும் கழுவினேன். புதுக் கேன் வந்தது. அதை ஃபில்டரில் ஊற்றி எடுத்து, அவர் சொன்னபடியே நிரப்பி வைத்தேன்.

தொழுகை முடிந்து நேரே குற்றாலத்துக்குப் போய்விட்டு சாயங்காலம் அஸர் நேரத்துக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணாச்சி நாளைக்கே வந்து பாக்கேன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். வழக்கம்போல நிற்கவில்லை. வால்வு பீய்ச்சி அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் நனைந்தது. அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தார்.

"அண்ணன் டிக்கெட்டு போட்டுட்டாகளாம்" என்றேன்.

தலையாட்டினார். "அங்கன ரூமுல எனக்கு மேல் கட்டில். நிமுந்து உக்காந்தா தலை கூரையில இடிக்கும்" என்றார். "பன்னெண்டு வருசமா நான் கட்டில்ல உக்காந்ததே இல்ல சமீனா. ஒண்ணு படுக்கணும். இல்ல, எறங்கி நிக்கணும்."

எனக்குத் தெரியாது. வீடியோவில் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவார், பின்னால் ஒரு பூச்செடி இருக்கும். அது கடையின் முன்கூடம் என்று இப்போது சொன்னார். ஒரு ஹாலுக்காக மூச்சு முட்டுகிறது என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தவள் நான்.

குடத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன்.

"இதை நான் சரிபண்ணுதேன். ஆனா ஓடுச்சுன்னா நாளைக்கே இது அண்ணாச்சி கடைக்குப் போயிரணும். ஹால் எனக்கு. நான் எங்க போறேன், எப்ப வருதேன்னு கேக்கக் கூடாது."

"நீயா?" என்று சிரித்தார். குடத்தில் இருப்பது போர் தண்ணீர் என்று தெரிந்ததும் பதறி எழுந்தார். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"சரின்னு சொல்லுங்க."

"சரி."

பாய்லரையும் டிரம்மையும் காலிசெய்து, குடத்தைக் கவிழ்த்து, பம்பைப் போட்டேன். கர்ரென்று ஓடி நின்றது. அவர் காதை மிஷினில் வைத்துக் கேட்டார். அணைத்துப் போட்டார். நின்றது நின்றதுதான். உப்பு, கரண்டு, கம்பி என்று நான் சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கிவிட்டது. அப்புறம் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க ஜும்ஆவுக்குப் போயிருந்தப்ப."

கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி நேரமாச்சு. நான் அங்கன அண்ணாச்சிகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கேன்..."

"நீங்க போனாப் போதும்னு நெனச்சேன்" என்றேன். "ஹால் வேணும்னு நெனச்சேன்."

அவர் ஹீட்டரைப் போட்டார். சூடேறும் வரை அரை மணி நேரம் இரண்டு பேரும் தரையைத் துடைத்தோம். பிறகு பொடியை அழுத்தி, பிடியை மாட்டி, முதல் காப்பியை எடுத்தார். வேப்பெண்ணெய் மாதிரிக் கசந்தது. முழுக்கக் குடித்தேன்.

"மூணு மணி நேரந்தானே" என்றார் கடைசியில், கப்பை வாங்கிக்கொண்டே. "கட்டில் விசயத்த நான் பன்னெண்டு வருசமாச் சொல்லல."

பிறகு கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கி, என் தையல் மிஷின்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வைக்க இன்னும் இடமில்லை. வாசலிலேயே வைத்தார்.