பன்னிரண்டு பேருக்கும் ஒரே ரிப்போர்ட்

அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும் என்பார்கள். மூத்திரத்துக்கு அந்த விதி கிடையாது என்று எங்கள் கடையின் மூன்றாவது மாடியில் நாங்கள் பன்னிரண்டு பேர் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்த அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு. என் பெயர் தங்கபுஷ்பம். சாத்தான்குளம் பக்கம். கடை ஹாஸ்டலில் தங்கி ஆறு வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறேன். கடை ஊழியர் உட்காரலாம் என்று சட்டம் வந்த பிறகு கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் உட்காரத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை ஏழாவது மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். மாடிக்கு ஒரே ஒரு டோக்கன், அது கையில் இருப்பவள்தான் போகலாம். எங்கள் சூப்பர்வைசர் கருணாகரன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிஷம் தாண்டினால், வாடிக்கையாளர் முன்னாலேயே "என்னம்மா, குளிச்சிட்டு வந்தியா?" என்பார்.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம். காலை ஆறு மணிக்கு ஹாஸ்டலில் ஒரு முறை, இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்து ஒரு முறை. யார் அதிக நேரம் தாங்குகிறாள் என்று எங்களுக்குள் ஒரு பெருமை வேறு.

இந்தப் போட்டியில் சேராதவள் வேம்பு அக்கா ஒருத்திதான். ஊரூர் குப்பத்திலிருந்து வருவாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் கிடையாது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். மணிக்கு ஒரு தரம் டோக்கனை எடுத்துக்கொண்டு படியேறுவாள். "அக்காவுக்கு ஏழாவது மாடியில மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்காரு" என்று கிண்டல் செய்வோம். அதைத் தொடங்கிவைத்தவள் நான்தான்.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் முதலாளி மொட்டைமாடியில் இலவச மருத்துவ முகாம் வைத்தார். எடை, பிரஷர், சிறுநீர்ப் பரிசோதனை. இலவசத்துக்கு அவ்வளவுதான். நர்ஸ் ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுத்தார், பெயர் ஒட்டி. வாங்கிக்கொண்டு கழிப்பறை வாசலில் நின்றோம். ஒருத்திக்கும் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கீழேயிருந்து கருணாகரன், கடை திறக்கிற நேரம் ஆகிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் இப்டி குடுங்கமே" என்றாள் வேம்பு அக்கா. "எனுக்கு வந்துக்கினேதான் கீது."

பன்னிரண்டு பாட்டிலும் நிரம்பி வந்தன. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, கூட்டம் இல்லாத மதிய நேரத்தில், முகாமை நடத்திய டாக்டர் மதுமதி நேராக எங்கள் மாடிக்கே வந்தார். சின்ன வயசு டாக்டர், அடையாறில் கிளினிக். கையில் ரிப்போர்ட் கட்டு. முகம் வெளுத்திருந்தது.

"சார், உங்க ஸ்டாஃப் பன்னிரண்டு பேருக்கும் சுகர் ரொம்ப அதிகம். பன்னிரண்டு பேருக்கும் புரதம் ஒழுகுது. கிட்னி கெட்டுப்போகுதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் அச்சு அசலா ஒரே மாதிரி. இந்த மாடியில தண்ணி எங்கேர்ந்து வருது?"

"தண்ணியா?" என்றார் கருணாகரன். "எங்க பொண்ணுங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க மேடம்."

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு கருணாகரன் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் புரட்டினார், லேப் சரியில்லை, மெஷின் கோளாறு என்று முடிவு கட்டினார், மொத்தத்தையும் குப்பைக்கூடையில் போட்டார். டாக்டருக்கும் அது நியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். லேபில் கேட்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். எங்கள் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. பதினொன்று பொய் என்றால் ஒன்று நிஜம். அந்த நிஜமும் இப்போது குப்பைக்கூடையில் கிடக்கிறது. நிஜத்துக்குச் சொந்தக்காரி அமைதியாகச் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யக்கா, அது உங்களுது. உங்களுக்குத்தான் கிட்னி போகுது."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சுகர் கீதுன்னு மூணு வருசமா தெரியும். முன்னாடி இருந்த கடைல, அடிக்கடி பாத்ரூம் போறேன்னு டெஸ்ட் எடுக்க வெச்சி, அப்பால வேணாம்னு அனுப்பிட்டான். இங்க பன்னெண்டு பேருக்கும் கீதுன்னா யாரைன்னு அனுப்புவான், சொல்லு?"

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கால் வீங்கி, விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. உள்ளங்காலில் ஒரு புண், பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். அந்தக் காலோடு பன்னிரண்டு மணி நேரம் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். நான் மாப்பிள்ளை என்று கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"வாய மூடிக்கினு இரு புஷ்பம். ரெண்டு பொண்ண வெச்சிக்கினு கீறேன்."

எனக்கு வாயை மூடத் தெரியாது. ஊரிலும் இதுதான் எனக்குக் கெட்ட பெயர். தடதடவென்று கீழே ஓடி, வாசலில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த டாக்டரைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், டோக்கனிலிருந்து பாட்டில் வரை. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினாறு மணி நேரமா?" என்று இரண்டு தரம் கேட்டார். "தினமுமா?"

மேலே வந்து எல்லார் முன்னாலும் வேம்பு அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகிறபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். அந்த வாரமே கருணாகரன், "வேம்பு வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அறிவித்தார். எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டில் விஷயம் காதுக்குப் போயும் எங்கள் பதினோரு பேரைத் தொடவில்லை. தீபாவளி வருகிறது, பட்டுப் பிரிவைக் காலியாக்க முடியாது.

டாக்டர் எங்கள் பதினோரு பேருக்கும் தனியாக பாட்டில் கொடுத்தனுப்பினார். விடிகாலையில் ஹாஸ்டலிலேயே பிடித்துக் கொடுத்தோம், அவரவருடையதை அவரவர்.

அடுத்த விடுமுறை நாளில் குப்பத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே டாக்டர் போன் செய்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். கிருமித் தொற்று, கிருமித் தொற்று, கல்லுக்கான அறிகுறி. எனக்குக் கிருமியும் ரத்தமும். "ஒருத்தர் ரிசல்ட் கூட நார்மல் இல்லம்மா" என்றபோது அவர் குரல் உடைந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி என்னைத் தொட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். ஸ்டாப் வந்திருந்தது, இறங்கிவிட்டேன்.

படகுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வேம்பு அக்கா காலை ஒரு மீன் பெட்டியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தார்களாம். கிட்னி பாதிதான் வேலை செய்கிறது, இப்போதாவது வந்தாயே, மாத்திரையால் இழுத்துப் பிடிக்கலாம் என்றார்களாம். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உசுரக் காப்பாத்திட்ட. சரி. அதுக்குச் சோறு போடணும்ல" என்றாள். "வடபழனில ஒரு கடைல ஆள் எடுக்கறாங்கோ. திங்கக்கெழம சேரணும். மெடிக்கல் டெஸ்ட் கேக்கறாங்கோ. உன்னோடத கொஞ்சம் குடு புஷ்பம். நான் உங்க எல்லாருக்கும் குடுத்தேன்ல?"

என் காதையே நம்ப முடியாமல் அவளைப் பார்த்தேன். விளையாடவில்லை. அழுத்தமாகத்தான் கேட்டாள்.

"என்னோடது ஆகாதுக்கா" என்றேன். "ரத்தம் வருதாம்."

கோபப்படவில்லை, பரிதாபப்படவும் இல்லை.

"சரி உடு" என்றாள். "நம்ம மாடில யாருது நல்லா கீது? அவகிட்ட சொல்லி வாங்கியா."

பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை.