டிரைவர் மேஜை

ஒலியுல்லாவின் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. அதைப் பெரிய குணம் என்று மூஞ்சிக்கல் கடைத்தெருவே கொண்டாடும். வேலை கேட்டு வருகிறவன், வசூலுக்கு வருகிறவன், சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்று மூட்டையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறவன், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே தலையாட்டல். நல்லது. ஆனால் ஆட்டின தலைக்குப் பின்னால் யாராவது ஒருத்தர் அந்த 'இல்லை'யைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதைச் சொல்கிறவள் அவர் மனைவி சர்புன்னிசா. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. நல்ல பேர் அவருக்கு, பொல்லாப்பு இவளுக்கு. அவருடைய சாப்பாட்டுக் கடையான ஒலி மெஸ்ஸில் சமையல் மட்டும்தான் தன் வேலை என்று அவள் நினைத்துக்கொண்டு வந்தாள், பாவம்.

மே மாதம். சீசன். கீழே வெயில் தாங்காத சனம் முழுக்க மலையேறி வந்து, ஏரியைச் சுற்றி, குதிரை ஏறி, சாக்லேட்டும் தைலமும் வாங்கி, ஆறு மணிக்குப் பனி இறங்கியதும் பசி வந்து கடைத்தெருவில் விழும். ஸ்வெட்டர் கடைகளில் விளக்குகள் எரியும். சுட்ட சோளத்தின் வாசம் தெரு நீளத்துக்கு நிற்கும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது அழகுதான். அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது கால் வலி. மலை மேல் எதுவும் சீக்கிரம் வேகாது. கீழே அரை மணியில் வேகிற கறி இங்கே ஒரு மணி கேட்கும். அத்தனை நேரமும் நின்றுகொண்டேதான் கிளறவேண்டும். சர்புன்னிசாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்பதே இரவு படுக்கும்போதுதான் தெரியும், அதுவும் வலிப்பதால்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பாலகுமார் கொல்லைவாசல் வழியாக அடுப்படிக்குள் வந்து நின்றான். வேன் டிரைவர். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அதனால்தான் கல்லாவில் இருந்த ஒலியுல்லாவிடம் போகாமல் நேராக இவளிடம் வந்தான். அவரிடம் போனால் தலையாட்டல் கிடைக்கும், காரியம் நடக்காது என்று தெருவுக்கே தெரியும்.

"பாயம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நல்லுசாமி அண்ணன் விசயந்தான்."

சர்புன்னிசா கரண்டியை நிறுத்தவில்லை. அவளுக்கு முன்பே தெரியும், இது ஒருநாள் வரும் என்று.

சுற்றுலா வண்டி ஓடுகிற ஊர்களில் எல்லாம் உள்ள வழக்கம்தான். ஆட்களைக் கூட்டி வருகிற டிரைவருக்கு அந்தக் கடையில் சாப்பாடு சும்மா. ஒலி மெஸ்ஸில் அதற்கென்று அடுப்படியை ஒட்டித் திரை போட்ட ஒரு மேஜை, நாலு நாற்காலி. டிரைவர் மேஜை. கேட்டது கிடைக்கும், பில் கிடையாது, தட்டைக்கூட எடுக்க வேண்டாம். வண்டி சர்ச் வளைவில் திரும்பும்போதே ஹாரன் வரும். இரண்டு குட்டை அடித்தால் அசைவம், ஒரு நீட்டல் என்றால் சைவம். அதைக் கேட்டுத்தான் பரோட்டா மாஸ்டர் வேலுமணி கல்லில் எண்ணெய் ஊற்றுவான். செல்போன் எல்லோர் கைக்கும் வந்த பிறகும் இது போகவில்லை. அந்த வளைவில் டவர் கிடைக்காது.

அந்த ஹாரன் பாஷையை ஏற்படுத்தியதே நல்லுசாமிதான். கடை திறந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், முதன்முதலாக ஒரு வண்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, "பாய், இவங்க வயித்தக் கெடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் அவர். அப்புறம்தான் மற்ற டிரைவர்கள் வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண் மங்கிப்போனது. இருட்டினால் எதிர் விளக்கு கண்ணுக்குள் உடைந்து சிதறுகிறது என்றார். வேனைப் பாலகுமாருக்கு விற்றுவிட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் கீழே தான் குடியிருக்கும் நாயுடுபுரத்திலிருந்து ஏற்றத்தில் ஏறி வந்து டிரைவர் மேஜையில் உட்கார்ந்துவிடுவார். வண்டி இல்லை, ஆள் இல்லை. அவர் மட்டும்.

"மத்த பயலுக மொனங்குறானுக பாயம்மா," என்றான் பாலகுமார். "மழ கொட்டுற நேரத்துல நாங்க வெளிய வண்டிக்குள்ள உக்காந்திருக்கோம். அவரு பாதி நேரம் சாப்புடாம ஒக்காந்தே இருக்காரு. ஏரி ரோட்டுல புதுசா ஒருத்தன் கடை தெறந்திருக்கானே, டிரைவருக்குன்னு தனி ரூமே போட்டிருக்கான், டிவியோட. மலர்க் கண்காட்சி தொடங்குனா எல்லாரும் அங்கிட்டுப் போயிருவோம்னு சொல்றானுக. எனக்கு மனசில்ல. ஆனா நான் ஒருத்தன் என்ன செய்ய?"

டிரைவர்கள் போனால் சீசன் போயிற்று. சீசன் போனால், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை தெருவில் பனியைத் தவிர யாரும் நடக்காத மாதங்களுக்குச் சோறு போயிற்று. கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

"சரி. சொல்லிருறேன்," என்றாள்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒலியுல்லாவின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, எப்பிடி சர்பு அவருட்ட போயி?" என்றார். "வண்டிய வித்தன்னிக்கு நாந்தான் சொன்னேன். வண்டி போனா என்னண்ணே, மேஜை போயிருமா, தெனம் வரணும், ஒருநா வரலேன்னாலும் கோவிச்சுக்குவேன்னு."

"நீங்கதான் சொன்னீங்க. அப்ப நீங்களே வராதீங்கன்னும் சொல்லுங்க."

அவர் கல்லாப்பெட்டியின் மேல் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கல்லாப்பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். சர்புன்னிசாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. சாயங்காலம் நல்லுசாமி வந்தார். மப்ளர், கையில் டார்ச், கோட்டுப் பையில் மடித்த வாழையிலை. வழக்கம்போல, "கொஞ்சமாப் போதும் தங்கச்சி," என்றார். தினமும் அதைத்தான் சொல்வார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து அவளும் தினமும் இரண்டு பரோட்டா கூடுதலாகவே வைப்பாள். பாதியைத் தின்று மீதியை இலையில் சுற்றிக்கொண்டு போவார். தையல் கடைத் திண்டில் படுத்திருக்கும் கறுப்பு நாய்க்கு அது போகும்.

அன்று கூடுதலாக வைக்கக் கை வரவில்லை. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. வெளியே இரண்டு வண்டிக் கூட்டம், குழந்தை அழுகிறது, யாரோ ஆம்லெட் கேட்டுக் கத்துகிறார்கள், வேலுமணி கொத்துப் பரோட்டாவைக் காது கிழியக் கொத்துகிறான். இந்தச் சத்தத்திலேயே சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்றியது. திரைக்குள் போய் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது.

"நாளையிலேருந்து... இந்த மேஜை வண்டி கொண்டாற டிரைவருகளுக்கு மட்டுந்தான்னு ஆயிருச்சு. எடம் பத்தலண்ணே. பயலுக வெளிய நிக்கிறானுக."

யார் முடிவு, யார் கேட்டது என்று எதையும் சொல்லவில்லை. வழக்கமாகவே சொல்லமாட்டாள். பழியைப் பிரித்துக் கொடுக்க அவளுக்குத் தெரியாது.

நல்லுசாமி கையிலிருந்த பரோட்டாத் துண்டைத் தட்டில் வைத்தார். திரை விலகிய இடைவெளி வழியாகக் கல்லாவைப் பார்த்தார். ஒலியுல்லா அங்கிருந்து கையைத் தூக்கிச் சிரித்தார். இவரும் கையைத் தூக்கினார்.

"சரி தங்கச்சி," என்றார். எழுந்து கை கழுவினார். டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார். அன்று நாய்க்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தட்டை எடுக்க மட்டும் சர்புன்னிசாவால் முடியவில்லை. வேலுமணியை எடுக்கச் சொன்னாள். கடை சாத்தும்போது ஒலியுல்லா மெதுவாக, "ரொம்ப வருத்தப்பட்டாரா?" என்று கேட்டார். அவள் பூட்டை எடுத்து நீட்டினாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் முகம் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறாள். இந்த முகம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அவர் திட்டியிருந்தால் தூங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மத்தியானம் கடை சாத்திவிடுவார்கள். நாலு மணிக்கு மேல்தான் திறப்பு. சர்புன்னிசா தூக்குவாளியில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு நாயுடுபுரத்துக்கு இறங்கினாள். சால்னா வைக்க மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

நல்லுசாமியின் அறை ஒரு பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலில் வெயில் விழுகிற இடத்தில் சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கஞ்சிச் சட்டி, பூண்டுத் துவையல். அவள் எதிர்பார்த்து வந்த முகம் அங்கே இல்லை. இது தூங்கி எழுந்த பிள்ளை மாதிரித் தெளிந்து கிடந்தது.

"வாங்க தங்கச்சி! உக்காருங்க. அது என்ன வாளி?"

"கறிக்குழம்புண்ணே. நேத்து நான் பேசுனது..."

நல்லுசாமி வாளியை ஒரு எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அல்லா பேரச் சொல்லிக் கேக்குறேன், அத அப்பிடியே திரும்பக் கொண்டுட்டுப் போயிருங்க."

அவள் திகைத்துப்போனாள். கோபம்தான் என்று நினைத்தாள். அவர் சிரிக்க ஆரம்பித்ததும் குழம்பிவிட்டாள்.

"ரெண்டு வருசமா எனக்கு சால்னா செமிக்க மாட்டேங்குது தங்கச்சி. ராத்திரி பூரா நெஞ்சு எரியும். டாக்டர் கஞ்சி குடிங்கறாரு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு அந்த ஏத்தத்துல தெனம் ஏறணும். பனியில ரெண்டு தடவ விழுந்திருக்கேன். ஆனா பாய் வரலேன்னா கோவிச்சுக்குவேன்னு சொல்லிட்டாரே. ஒருநா காச்சல்னு போகல, மறுநா பாத்தா மனுசன் மொகம் வாடிப் போயி, என்னண்ணே எங்கள மறந்துட்டீங்களான்னு கேட்டாரு. அப்பறம் எப்பிடிப் போகாம இருக்கது?"

"அப்ப நேத்து ஏண்ணே ஒண்ணுஞ் சொல்லாமப் போனீங்க? நான் விடிய விடிய..."

"அந்தாளு கல்லாவுல உக்காந்து கையக் காட்டிச் சிரிக்கிறாரு. அவரு முன்னாடி, ஒங்க சோத்துலேருந்து தப்பிச்சேன்டா சாமின்னு எப்பிடிச் சொல்றது? வீட்டுக்கு வந்து கஞ்சி வச்சுக் குடிச்சிட்டுப் படுத்தேன் பாருங்க, வெள்ளனே முழிப்பே வரல. நீங்க மட்டும் சொல்லலேன்னா சாகுற வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்திருப்பேன்."

சர்புன்னிசாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு ஆண்கள் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் இருக்க, இரண்டு வருஷமாக ஒருவன் நெஞ்செரிச்சலோடு தின்றிருக்கிறான், ஒருவன் சிரித்திருக்கிறான், நடுவில் நின்று இவள் பரோட்டா வைத்திருக்கிறாள். அதுவும் கூடுதலாக இரண்டு. அவள் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெயில் பாதத்தில் பட்டது. பகலில் உட்கார்ந்து எத்தனை நாளாகிறது என்று நினைவுக்கு வரவில்லை.

நல்லுசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்கினாலும் அந்தப் பாதத்தின் வீக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்குச் சொல்ல நீங்க இருந்தீங்க," என்றார். "ஒங்களுக்கு யாரு சொல்லுவா தங்கச்சி, நாளையிலேருந்து வராதேன்னு?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் வேறு பக்கம் திரும்பி, ஒரு கும்பாவில் கஞ்சியை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்தாள். யாரோ வைத்த கஞ்சி. உப்புக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அவள் வைத்ததில்லை.

மூன்று மணி தாண்டியது அவளுக்குத் தெரியும். சர்ச் வளைவிலிருந்து ஹாரன் கேட்டது. இரண்டு குட்டை. வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டான் பாலகுமார்.

"என் வண்டி," என்றார் நல்லுசாமி. "ரெண்டு. அசைவம். சோலி கெடக்கு ஒங்களுக்கு, வெரசா ஓடுங்க."

"ஆமாண்ணே," என்றாள். எழுந்திருக்கவில்லை. துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "பூம்பாறைப் பூண்டா?" என்று கேட்டாள்.

அவள் கடைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. வேன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஒலியுல்லா கல்லாவில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார், அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலுமணிதான் அடுப்படிக்குள் பின்னாலேயே வந்து சொன்னான்.

"இருவது பேரு பாயம்மா, எறங்கிக் கைய ஒரசிக்கிட்டு நிக்கிறாங்க. சால்னாச் சட்டி கவுந்து கெடக்கு. பாய் ரோட்டப் பாக்குறாரு, என்னயப் பாக்குறாரு, சிரிக்கிறாரு. பாலகுமார் அண்ணன் கேட்டுக்கிட்டே நிக்கிறாரு. கடைசில பாயே சொல்லிட்டாரு, இல்லைங்கன்னு. வெளிய கேக்கவே இல்ல, திரும்ப ஒருக்காச் சொல்லச் சொன்னாங்க. வேற எடத்துல சாப்பிட்டுக்கிறோம், நாளைக்கு வாறோம்னு கெளம்பிட்டாங்க. அப்பறம் போயி உக்காந்தவருதான். டீ குடுத்தேன், குடிக்கல. மேலெல்லாம் வலிக்குதுங்கிறாரு."

சர்புன்னிசா கவிழ்ந்து கிடந்த சட்டியை நிமிர்த்தி அடுப்பில் வைத்தாள்.

"ஒத்த 'இல்லை'க்கேவா?" என்று கேட்டாள்.